எழுத்துக்கூட்டல்

கல்முனைக்கு வடக்கே, கைத்தறியாற் பெயர்பெற்ற மருதமுனையில், 2020ஆம் ஆண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்த சிறுவன் ஒருவன் இரண்டு மாதமே வகுப்பறையில் அமர்ந்திருந்தான். மார்ச் 13இல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் அவை இடையிடையே திறந்தும் மூடியும் இழுபட, 2021 ஒக்டோபர் இறுதியில் ஆரம்ப வகுப்புக்கள் மீண்டும் கூடும்வரை அவனுக்கு வீடே பாடசாலையாயிற்று. பிள்ளையை வீட்டிலிருத்திக் கற்பிக்கும் வழக்கம் இக்கரையோரத்தில் இல்லை. நோய் அதனைச் செய்வித்தது.

ஓராண்டு கழிந்தும் அவனுக்கு வாசிப்பு வரவில்லை. புத்தகத்தைக் கண்டால் வளவுக்குள் ஓடி ஒளிந்தான். ‘மந்தன்’ என்ற சொல் வீட்டில் ஒருமுறை எழுந்தது. அச்சொல் ஒரு பிள்ளைமீது ஒட்டிவிட்டால் உரித்தெடுப்பது எளிதன்று என்பதைத் தாயார் அறிந்திருந்தார். எந்த முறையாற் கற்பிப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை உறங்கவிடவில்லை.

வீட்டிலே மூன்று முறைகள் இருந்தன. ராத்தா கைபேசியிற் பெற்று அச்சிட்ட தாள்களில், படத்தின் கீழ்ச் சொல் இருந்தது. அவன் படத்தைப் பார்த்தே சொன்னான். படத்தை மறைத்தால் வாய் திறவான். மூத்தம்மாவோ ‘ஆனா, இம்மன்னா, மாவன்னா - அம்மா’ என்று தாம் கற்றபடி கற்பித்தார். தாயார் ஆங்கிலத்துக்கென வகுக்கப்பட்ட ஒலிமுறைப் பாடத்தொகுதி ஒன்றைப் பார்த்து, அதனைத் தமிழுக்கு ஏற்கலாமா என்று எண்ணினார்.

ஆங்கிலத்தில் இது பழைய வழக்கு. 1955இல் றுடோல்ப் பிளெஷ் எழுதிய நூலொன்று, சொல்லை முழு உருவாகப் பார்த்து மனனஞ் செய்விக்கும் முறையைக் கடுமையாகத் தாக்கியது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் ஒழுங்குபட்ட ஒலிமுறை பயன் தருவதெனக் கூறிற்று. சீ, ஏ, ரீ என்று பெயர்களை அடுக்கினால் அங்கே பூனை வராது. 26 எழுத்துக்களுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள். தமிழில் அவ்வளவு இடர்ப்பாடு இல்லை என்பர். ஆயினும் ‘இம்மன்னா’ என்பதும் பெயரே அன்றி ஒலி அன்று. மூன்று பெயர்களையும் சொல்லி முடித்த பிள்ளை, அவற்றுள் மறைந்திருக்கும் ‘அம்மா’வைத் தானே தேடியெடுக்க வேண்டியிருந்தது.

விடை திண்ணையிற் கிடந்தது. ஓதப்பள்ளியும் மூடியிருந்தமையால் மூத்தம்மாவே அவனுக்கு ஓதிக்கொடுத்தார். சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவு மாறும் அரபு எழுத்துக்களை, மேற்குறியும் கீழ்க்குறியும் பார்த்து, அவன் பிழையின்றிக் கூட்டினான். கண்ணும் செவியும் பழுதற்றவை என்பதற்கு வேறு சான்று எதற்கு? அங்கே ஸுகூன் செய்வதை இங்கே புள்ளி செய்கிறது. ஆனால் அரபில் அகர ஓசைக்கும் குறி உண்டு. தமிழிற் குறியில்லா எழுத்தே அகரம் ஏறியது. மேலும், தமிழ்க் கொம்பு எழுத்துக்கு முன்னே நின்று பின்னே ஒலிப்பது. ‘கொம்பு’ என்ற சொல்லிலேயே கொம்பு முன்னும் அரவு பின்னும் நிற்கின்றன! அவன் இடறிய இடங்கள் பெரும்பாலும் இவையே.

தாயார் எந்தத் தொகுதியையும் முழுதாக ஏற்கவில்லை. எழுத்தின் பெயரை விடுத்து ஒலியை மட்டும் கொண்டார். குறியைக் கூட்டும் ஒழுங்கை ஓதலிலிருந்து எடுத்தார். ராத்தாவின் தாள்களிற் படங்களைக் கத்தரித்தார். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்கும் வேலை நின்றது. ட, ப, ம என்னும் மூன்றோடும் ஒரு புள்ளியோடும் படம், மடம், மட்டம், பட்டம் ஆகியன பிறந்தன. பட்டம் விடும் பிள்ளைக்குக் கடைசிச் சொல் மிகவும் பிடித்தது. அரபை ஒலித்தபோது அவனுக்குப் பொருள் புரிந்ததில்லை. இங்கே ஒலி கூடியதும் பொருள் எதிரே நின்றது.

இன்னொரு தடை எந்த ஒலிமுறையாலும் தீராதது. ‘வி-ள-க்-கு’ என்று சரியாகக் கூட்டிவிட்டு, பிழையோ என அவன் விழித்தான். அவன் வீட்டில் எரிவது ‘வெளக்கு’. முற்றத்தில் உதிர்வது ‘எல’. அவன் இருப்பது ‘ஊடு’. பேச்சைப் பழித்துத் திருத்துவோர் உண்டு. அது பிள்ளையின் வாயை அடைப்பதன்றி வேறு பயன் தராது. ‘வாயிலே வெளக்கு, ஏட்டிலே விளக்கு’ என்று தாயார் சொல்லிக்கொடுத்தார். இரவுதோறும் ஏட்டுத் தமிழை உள்ளபடியே வாசித்துக் காட்டவும் செய்தார். இதுவே எல்லாவற்றினும் நெடுநாள் எடுத்தது.

பாடசாலை திறந்தபோது அவன் வகுப்பில் முதல்வனாகவில்லை, வேகமும் குறைவே. ஆனால் ஒளிவது நின்றது. ஒருநாள் மூத்தம்மாவின் அலுமாரியிற் பழைய கதைப்புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தான். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யுமுன் அச்சானது. லகரத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு. அதுவரை கூட்டி வந்தவன் அங்கே நின்று, இது என்ன என்றான்.

“அது லையன்னா, மகன்” என்றார் மூத்தம்மா.

“லை” என்றார் தாயார்.

“க-ட-லை” என்று கூட்டிவிட்டு அவன் அடுத்த சொல்லுக்குப் போனான்.