அஷ்டமியில் கிளம்பாதே

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், பொங்கலையொட்டிப் பத்து நாள் லீவில் வருவதாகக் கார்த்திகையிலேயே சொல்லிவிட்டான். கூடவே ஓர் எக்செல் அட்டவணை. பரத்பூர், காசிரங்கா, தட்டேக்காடு, கடைசியில் பழவேற்காடு. அடியில் தடித்த எழுத்தில்: "இலக்கு 300 இனம்."

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. கொலம்பியாவில் 1,900-ஐத் தாண்டும். இப்படிப்பட்ட நாடுகளுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு வரும் நோய் ஒன்றுதான்: எதையும் விட மனசு வராது. அவன் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். பத்து நாளில் நான்கு நாள் விமான நிலையத்திலும் காரிலும் கழிந்தன. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் எத்தனை பதார்த்தம் என்று எண்ணிவிட்டுக் கை கழுவப் போகிற கதை.

"முதல் ரெண்டு நாளை எனக்குக் கொடு. எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகலாம். ரயில் டிக்கெட் செலவு மட்டும்தான்" என்றேன்.

"எண்ணூரா மாமா? அங்க சிம்னிதானே இருக்கு?"

திருவொற்றியூரில் பிறந்த நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். எண்ணூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறும்போது சன்னலோரம் கிடைத்தால் தெரியும். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே கூழைக்கடாக்கள் மிதக்கும். கரையில் சங்குவளை நாரைகள். தண்ணீருக்கு மேலே ஆலாக்கள் குத்திட்டு விழும். இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை ஒட்டியே கொக்குகளும் நிற்கும்.

ஆனால் எந்த நாளில் போவது? எங்கள் வீட்டில் அதைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான் முடிவு செய்யும். "அஷ்டமி நவமியில கிளம்பாதே" என்பாள் அம்மா. நான் சிரிப்பேன். சிரிப்பை நிறுத்தியவர் கழிமுகத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "அம்மாவாசை, பௌர்ணமி ஒட்டி தண்ணி நல்லா ஏறும், நல்லா வத்தும். அஷ்டமிக்கு ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது" என்றார்.

சென்னைக் கடலின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் கழிமுகம் தட்டையான நிலம். அந்த ஒரு மீட்டர் வற்றினால் பரந்த சேறு வெளியே வரும். புழுவும் நண்டுக்குஞ்சும் நிறைந்த அந்தச் சேறுதான் உள்ளான் பறவைகளுக்குப் பந்தி. அம்மா சொன்ன காரணம் வேறு, பெரியவர் சொன்ன காரணம் வேறு. இருவரும் வேண்டாமென்ற நாள் ஒன்றே.

கடல் ஏறி வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று ஏழு மணிக்குத் திறந்த சேறு இன்று ஏறக்குறைய எட்டுக்குத்தான். வற்றியிருக்கும்போதே போய் உட்கார வேண்டும். தண்ணீர் திரும்பி ஏற ஏற, பறவைகளைக் கரைப் பக்கம் அதுவே தள்ளிக்கொண்டு வரும். நாம் துரத்த வேண்டியதில்லை.

வேறு சில விதிகளும் உண்டு. போகியன்று போகாதே, புகையில் பாலமே தெரியாது. துறைமுகச் சுவர்ப் பக்கம் பைனாகுலரைத் தூக்காதே. என்னை ஒருமுறை காவலர் அரை மணி நேரம் விசாரித்தார். பறவைப் புத்தகத்தைக் காட்டிய பிறகு, "இந்த நீலக் குருவி எங்க ஊர்லயும் இருக்கு சார்" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை எண்ணுகிறார்கள். பட்டியலை அதிலும் சேர்த்துவிடலாம்.

எந்தத் திட்டத்திலும் அடங்காததும் வரும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் கறுப்புப் பட்டை. அந்த மார்கழியில் பைனாகுலர் என் கழுத்தில் தொங்கியது. நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அக்கா மகன் வந்தான். பௌர்ணமிக்கு மறுநாள் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, ஆற்றோரம் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தோம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும், சேற்றில் சிதறிக் கிடந்த சாம்பல் புள்ளிகள் மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்தன. கொசு உள்ளான். ஆர்க்டிக் துந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே இறங்கும் பறவை. எடை முப்பது கிராம்கூடத் தேறாது.

"இது அங்கிருந்தா வருது?" என்றான். அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை. மறுநாளும் அங்கேயே போகலாம் என்றான். காசிரங்கா டிக்கெட்டை ரத்து செய்ததில் கொஞ்சம் பணமும் போனது.

இந்த வருஷம் அட்டவணை எதுவும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும்: "மாமா, தை அமாவாசை என்னிக்கு?"