பேத்தமங்களா: மேட்டு நிலக் குறிப்புகள்

நந்தி மலையும் அதைச் சுற்றிய குன்றுகளும். பாலாறு பிறப்பது அங்கே. வடபெண்ணை, தென்பெண்ணையும் அங்கேதான்.

ஒன்று நெல்லூர்ப் பக்கம் போகிறது. ஒன்று கடலூர். பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில். மூன்றும் ஒரே கடலுக்கு.

பாலாற்றின் நீளம் 348 கி.மீ. கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மிச்சம் 222 தமிழ்நாட்டில். புல்லூர்த் தடுப்பணை அந்த 33-க்குள்.

கர்நாடகத்துப் பேத்தமங்களாவில் பாலாற்றை மறித்தே ஏரி. அதற்குக் கீழே ராமசாகரம்.

கரைக் கல்லில் பழைய நீர்மட்டக் கறை. ஒன்றின் கீழ் ஒன்றாக, வெளுத்தும் கறுத்தும். எந்தக் கறை எந்த வருஷம் என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

டீக்கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் கன்னடம். என்னிடம், "இன்னாண்ணா, சக்கரை கம்மியா?" மூன்றுக்கும் அவர் முகம் மாறவில்லை.

கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் இந்த ஏரியிலிருந்து குழாயில் போனது. அங்கிருந்த சுரங்கங்களில் ஒன்றின் பெயர் நந்திதுர்க்.

தங்கவயல் தரை, கடல்மட்டத்துக்கு 850 மீட்டர் சொச்சம் மேலே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கி.மீ. இறங்கியது. கழித்துப் பார்த்தேன். அதன் அடி, கடல்மட்டத்துக்கும் 2 கி.மீ.க்கு மேல் கீழே.

அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காட்டுக் குடும்பங்கள் நிறைய. இந்த ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஆட்கள்.

2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடல்.

தங்கம் இருக்கும் பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஓடுகிறது. சுமார் 80 கி.மீ. நீளம், சில கி.மீ.தான் அகலம். கோலாரிலிருந்து ஆந்திரத்துக்குள், குப்பம் பக்கம் சிகரகுண்டா, பிசாநத்தம். பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். வயது 270 கோடி ஆண்டு.

தங்கவயலை ஒட்டிய பெத்தபள்ளியில் பழைய எரிமலைப் பாறை. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அங்கே தலையணை எரிமலைக் குழம்புப் பாறையும் உண்டு. தண்ணீருக்கு அடியில் குழம்பு கக்கினால்தான் அந்த வடிவம் வரும்.

இப்போது அங்கே குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பச்சூர் வரை தமிழ்நாடு. மல்லானூர், குப்பம், குடுபள்ளி, பிசாநத்தம், ஆந்திரம். காமசமுத்திரம், கர்நாடகம். மேடு ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறும். ஜன்னலுக்கு வெளியே அதே குண்டுப் பாறை, அதே புளியமரம்.

1947 வரை இந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், அந்தப் பக்கம் சென்னை மாகாணம். குப்பமும் சென்னையில்தான். 1953-ல் ஆந்திரம்.

1892-ல் மைசூரும் சென்னையும் ஆற்று நீர் பற்றி ஒப்பந்தம் போட்டன. பட்டியலில் பாலாறும் உண்டு. இன்றைக்கும் வழக்குகளில் அந்தத் தாளைத்தான் காட்டுகிறார்கள்.

இமயத்தில் 1914-ல் மக்மகோன் எல்லைக் கோடு போட்டபோது, நீர் பிரியும் உச்சியைப் பெரும்பாலும் பின்பற்றப் பார்த்தார்கள். இங்கே ஆறு கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பாறையும் அப்படியே.

1903 நவம்பர் 12. மைசூர்ப் பக்கம் பெருமழை, வெள்ளம். வாணியம்பாடியில் சுமார் 200 பேர் செத்தார்கள். அன்றைக்கு அது வேறு ராஜ்யத்து மழை.

2021 நவம்பர். பேத்தமங்களா ஏரி கோடி போனது. பல வருஷத்துக்குப் பிறகு. கீழே ஜனங்கள் பாலத்தில் நின்று பாலாற்றைப் பார்த்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிட்ட கழிவு. அது நம் எல்லைக்குள் நாமே கலந்தது. மேலே இருப்பவர்களிடம் தண்ணீர் கேட்கும்போது இதையும் சொல்ல வேண்டும்.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீர், சுத்திகரித்து, கோலார் ஏரிகளுக்கு. முதலில் நரசாபுரம் பக்கம் லட்சுமிசாகரம் ஏரி. தென்பெண்ணைப் பக்கம் சரியும் தண்ணீர். பம்ப் வைத்து மேடேற்றுகிறார்கள். அங்கிருந்து ஏரிக்கு ஏரி.

இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று கோலாரில் போராடுகிறார்கள். நியாயம். அது நிலத்தடியில் இறங்குகிறது. கிணறு அவர்களுடையது.