மௌனமும் சௌக்கியமும்

வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமிருந்து கடிதம் வராவிட்டால் தாயார் கவலைப்படுகிறாள். தகப்பனாரோ, "ஏதாவது விசேஷம் இருந்தால் எழுதியிருப்பானே!" என்று சமாதானம் சொல்கிறார். நான் எப்போதும் தாயார் கட்சி. டெலிபோன் சம்பந்தமான ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்ட பிறகு, அந்தக் கட்சியில் இன்னும் உறுதியாகிவிட்டேன்.

பழைய டெலிபோன் இணைப்பையும் இணையத்தையும் சேர்த்து வைக்கும் பெட்டிக்குக் 'கேட்வே' என்று பெயர். ஒரு பக்கத்துக் குரலை மறு பக்கத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் துபாஷி வேலை அதற்கு. ஊருக்கு ஊர் உள்ள இந்தத் துபாஷிகளின் க்ஷேமத்தை ஒரே திரையில் காட்டுவதற்கு மேலாண்மை மென்பொருள் உண்டு. சௌக்கியமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு.

செய்தி எப்படி வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1988-ல் வகுத்த 'எஸ்.என்.எம்.பி.' என்ற முறை இன்றும் பல இடங்களில் வழங்குகிறது. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை மென்பொருள் கேள்வி கேட்கும். பெட்டி பதில் சொல்லும். அவசரமென்றால் பெட்டி தானாகவே 'டிராப்' என்ற செய்தியை 162-ஆம் எண் வாசலுக்கு அனுப்பும். இது சாதாரணத் தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஒப்புதல் பெறும் பதிவுத் தபால் மாதிரியான ஏற்பாடு, 1993-ல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

என் நண்பர் ஒருவர் இந்தப் பெட்டிகளுக்கு வைத்தியர். ஓர் இரவு, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் செல்போனில் கூப்பிட்டு, "வெளியிலிருந்து ஒரு போனும் வரவில்லை ஸார்" என்றாள். திரையில் எல்லாம் பச்சை. "கோளாறு உங்கள் பக்கம்தான் அம்மா" என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. நண்பருக்கு மனசு கேட்கவில்லை. பெட்டிக்குள்ளேயே நுழைந்து, அது எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்தார். குரலை மாற்றும் அட்டை சாயங்காலமே செத்துப் போயிருந்தது. பெட்டி டிராப் மேல் டிராப்பாக அனுப்பித்தான் இருந்தது. ஆனால் அன்று பகலில் யாரோ ஃபயர்வாலில் செய்த மாறுதலால் 162-ஆம் வாசல் அடைபட்டிருந்தது. மென்பொருள் கேட்டதோ, "இருக்கிறாயா?" என்ற ஒரே கேள்வி. "இருக்கிறேன்" என்றது பெட்டி. பொய் இல்லை, ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு அல்லவா?

பெரிய இடத்திலும் இந்தக் கதை உண்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தில், பராமரிப்புக்காகக் கொடுத்த கட்டளை ஒன்று, அவர்களுடைய கணினி நிலையங்களை இணைக்கும் வலையையே துண்டித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரம் சேவை இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தன. ஆட்கள் நேரில் போய்த்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. கிணற்றில் விழுந்தவனைத் தூக்க வேண்டிய கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடந்த மாதிரிதான்!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கண்காணிப்புக்குத் தனிப் பாதை போடுகிறார்கள். அவ்வப்போது ஒரு பரீட்சை அழைப்பு விட்டு, மறுமுனையில் மணி அடிக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எவரும் போடாமலே நமக்குக் கிடைத்திருக்கும் தனிப் பாதை ஒன்று உண்டு. அது குறை சொல்ல வருகிறவரின் குரல். நர்ஸின் செல்போன் அப்படி வந்ததுதான். அதையும் தொந்தரவென்று தள்ளிவிட்டால் பாக்கி இருப்பது பச்சை விளக்கு மட்டுமே.

அன்று இரவு அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் போன் செய்து, மணி அடிக்கவில்லையென்று வைத்துவிட்டார்களோ! அந்தக் கணக்கைத் திரை காட்டவில்லை.