வெளியே வாங்கிக்கோங்க

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. சேர்ந்த புதிதில் அங்கே அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை, "வெளியே வாங்கிக்கோங்க." டாக்டர் காசில்லாமல் பார்ப்பார். எழுதிய மருந்து இருப்பில் இருக்காது.

நடவு வேலையை விட்டுவிட்டு ஓர் அம்மா காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வந்தார். ஐந்து நாள் மருந்துக்குச் சீட்டு. "ரெண்டு நாளைக்கு மட்டும் வாங்கினா ஆகாதா சார்?" என்றார். அன்றைய கூலி போயிற்று, பஸ்ஸுக்கும் கொடுத்தாயிற்று. எங்கள் பதிவேட்டிலோ அவர் இலவச சிகிச்சை பெற்றவர். அந்தக் கணக்கு இன்னும் என்னை உறுத்துகிறது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயர் பார்க்காமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்தார்கள். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள், எங்கள் ஊருக்கு எது தேவையோ அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். திறப்பு விழா நடத்தும்படி இதில் எதுவுமில்லை. ஆனால் ஜன்னலில் அந்த வார்த்தை குறைந்தது. ஏழைகளுக்கு அரசு நியாயமாகச் செலவழித்தது என்றால் எனக்கு முதலில் அந்தப் பாஸ்புக்தான் நினைவுக்கு வரும்.

தாய்லாந்து 1980களில் இன்னும் துணிந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குப் புதிய முதலீட்டைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தைக் கிராமப்புற மருத்துவமனைகளுக்குத் திருப்பியது. 2001இல் முப்பது பாட் கட்டணத்தில் எல்லாருக்கும் சிகிச்சை என்று அறிவித்தபோது, போய்ப் படியேற அருகிலேயே மருத்துவமனை இருந்தது.

நம் காப்பீட்டுத் திட்டங்கள் பெரிய அறுவை சிகிச்சையில் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன; அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஏழை வீட்டுப் பணம் கரைவது பெரும்பாலும் படுக்கையில் சேராத நோயில்தான்: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பஸ் கட்டணம், போன கூலி. 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது. அது சரியான திசை.

கூலி மட்டும் இன்னும் போகிறது. காட்டு வேலை முடிந்து வருகிறவருக்கு மாலையில் புறநோயாளிப் பிரிவு வேண்டும். அதற்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து கொடுக்க ஓர் ஆள். அடுத்த பட்ஜெட்டில் முதல் பணத்தை இதற்கு ஒதுக்கட்டும்.