ஊரே இங்கு 'நாடு': கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் சாமை பிழைக்குமா?

நாட்டுக்குள் ஊர் இருப்பதுதான் வழக்கம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஊருக்கே 'நாடு' என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு என மலை மேல் மொத்தம் 14 நாடுகள். அவற்றில் ஒன்று ஆலத்தூர் நாடு.

சுற்றுலாப் பயணிகள் ஆகாயகங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆனால், இந்த மலையின் உண்மையான வாழ்க்கை நாடுகளுக்குள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில்தான் இருக்கிறது.

70 வளைவுகள் தாண்டி...

அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிகிறது மலை. பள்ளத்தில் நெல் வயல், சரிவில் மானாவாரிக் கொல்லை, மர நிழலில் மிளகும் காபியும். 'நாடு' என்பது ஒரே இடத்தில் கூடி நிற்கும் கிராமம் அல்ல. கொல்லைகளுக்கு நடுவே பிரிந்து கிடக்கும் பல குக்கிராமங்களின் தொகுப்பு. இன்று ஒவ்வொரு நாடும் ஓர் ஊராட்சி.

சங்க காலத்தில் இது வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரியை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கின்றன சங்கப் பாடல்கள். தோற்ற ஓரிக்குத்தான் இன்றும் ஆடி மாதம் செம்மேட்டில் அரசு விழா நடக்கிறது!

காஞ்சியிலிருந்து வந்தவர்கள்

இங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. கோயில் விழாவுக்கு நாள் குறிப்பது, சச்சரவைப் பேசித் தீர்ப்பது எல்லாம் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் போன்ற பெரியவர்களின் பொறுப்பாக இருந்து வந்திருக்கிறது.

சாமை போய் மரவள்ளி வந்தது

ஒரு காலத்தில் இங்கு சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் அன்றாட உணவு. மல்லியச்சாமை, சடஞ்சாமை, திரிகுலாச்சாமை எனச் சாமையிலேயே பல ரகங்கள். பிறகு மரவள்ளி ஏறி வந்தது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்ள, கையில் காசு புரண்டது. ரேஷன் அரிசியும் வந்துவிட்டது. சாமையை உரலில் போட்டு உமி நீக்கும் வேலை பெண்களின் தோளை ஒடிக்கும். அதிலிருந்து விடுதலை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், கிழங்கு விலை ஆலைகளின் கையில். விலை இறங்கினால் குடும்பமே தடுமாறும். சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் இளகி மழையில் கரைகிறது. சாமைக்கோ பெரிய செலவு இல்லை. விற்காவிட்டாலும் வீட்டுக்குச் சோறு.

விதையைக் காப்பவர்கள்

1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு வேலை செய்கிறது. உமி நீக்கும் இயந்திரங்கள், சமுதாய விதை வங்கிகள், மகளிர் குழுக்கள் மூலம் விற்பனை என்று ஒவ்வொன்றாக வந்தன. மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தொம்பையில் தானியம் சேமிப்பது மலைமக்களின் பழைய வழக்கம். விதை வங்கிக்கு அதுதான் முன்னோடி.

2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை விலை ஏறியது. அந்த விலையில் எவ்வளவு மலைக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் ஆலத்தூர் நாடு போன்ற ஊர்களின் முடிவு இருக்கிறது. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் தொம்பையில் இருக்கும் விதையும் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர் அறையில் ரகம் பிழைக்கலாம். அதை எப்போது விதைப்பது, எப்படிச் சமைப்பது என்ற அறிவு கொல்லையில்தான் பிழைக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழி. ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். செம்மேடு வரை போய், அங்கிருந்து நாடுகளுக்குப் பிரிய வேண்டும். சோளக்காடு சந்தையில் அன்னாசியும் பலாவும் வாங்குவீர்கள். அப்படியே ஒரு கிலோ சாமையும் கேட்டு வாங்குங்கள்!