உதடு படாத ஊர்

பூந்தமல்லிச் சாலையில், கரையான்சாவடியில் வண்டிகள் நகராமல் நிற்கும் மாலை நேரங்களுக்கென்று என் அண்ணன் மகள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பாள். டி.என். 12 என்றால் பூந்தமல்லி, 13 என்றால் அம்பத்தூர். அது அவளுக்குப் பொருட்டில்லை. அதற்குப் பின்னால் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வேண்டும். அவை அதே வரிசையில் வரும்படி, எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல்லைப் பிடிக்க முடியும் என்பதுதான் ஆட்டம். ஒருநாள் ஏ, க்யூ அமைந்தது. நான் 'ஆன்டிக்' என்றேன், 7 எழுத்து. அவள் சிக்னல் விழுவதற்குள் 'அக்வெய்ன்டன்ஸ்ஷிப்' என்றாள். 16 எழுத்து.

"சித்தப்பா, பிளேட்டுல ஐ, ஓ ரெண்டும் வரவே வராது, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சரிதான். 1, 0 என்று யாராவது படித்துவிடக்கூடும் என்பதால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த மாதிரிச் சொற்கள்மேல் எனக்கு வெகுநாளாகவே ஆசை உண்டு. 'அன்காப்பிரைட்டபிள்' என்ற சொல்லில் 15 எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. 'ஃபஸீஷியஸ்' என்பதில் ஐந்து உயிரெழுத்தும் அகர வரிசையிலேயே வந்து உட்காரும். 'புக்கீப்பர்' என்று எழுதினால் மூன்று இரட்டைகள் அடுத்தடுத்து நிற்கும். எழுத்தை வேண்டுமென்றே விட்டவர்களும் இருக்கிறார்கள். எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 1939இல் 'கேட்ஸ்பி' என்று ஒரு நாவல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து 'இ'. அது ஓரிடத்திலும் வராமல் 50,000 சொற்களுக்குமேல் எழுதியிருக்கிறார். கை தவறி அடித்துவிடக் கூடாதென்று டைப்ரைட்டரில் அந்தக் கட்டையையே கட்டிப்போட்டு வைத்தாராம்.

அந்தக் கட்டிப்போட்ட கட்டையைப் பற்றிப் படித்ததும் எனக்குக் காஞ்சிபுரம் நினைவு வந்தது. இதே பூந்தமல்லிச் சாலையில் நேரே போனால் வருகிற காஞ்சிபுரம்தான். பல்லவர் காலத்தில் தண்டி அங்கே இருந்தார். அவர் வடமொழியில் எழுதிய 'தசகுமார சரித'த்தின் ஏழாம் பகுதியில் மந்திரகுப்தன் என்ற இளைஞன் தன் கதையைச் சொல்ல வருகிறான். காதலி கடித்ததில் உதடு புண்ணாகியிருக்கிறது. கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறான். அதனால் அவன் கதை முழுவதிலும் உதட்டில் பிறக்கும் எழுத்து வருவதில்லை. எத்தனையோ பேர் எழுத்தை விலக்கி எழுதியிருக்கலாம். அதற்கு இப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தவர் தண்டி. விதியைக் கதைக்குள்ளேயே ஒரு காயமாக வைத்துவிட்டார். படிப்பவனுக்கும் உதடு வலிக்கிறது.

ரைட்டின் ஆட்டம் கண்ணுக்கானது. 'இ' ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் காகிதத்தில் இருந்தால் குற்றம். தண்டியின் ஆட்டம் வாய்க்கானது. அதைத் தமிழில் நிரோட்டம் என்பார்கள், இதழகல் என்றும் சொல்வதுண்டு. ப, ம சொன்னால் உதடு ஒட்டும். வ சொன்னால் மேற்பல் கீழுதட்டைத் தொடும். உ, ஊ, ஒ, ஓ, ஔ சொன்னால் குவியும். இத்தனையும் விலக்கு.

தண்டிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, அதே காஞ்சியில் பிறந்தவர் சிவப்பிரகாசர். இலக்கணம் படிக்கத் தெற்கே போனார். குருதட்சிணை என்ன தரட்டும் என்று ஆசிரியரைக் கேட்டபோது, திருச்செந்தூரில் செருக்கோடு திரியும் ஒரு புலவரை வென்று வா என்றாராம். போட்டி நிரோட்டத்தில். தோற்றவர் வென்றவருக்கு அடிமை. அப்படிப் பிறந்ததுதான் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி', 30 பாடல். உதடு ஒட்டக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வந்து வேறு வேறு பொருள் தரவேண்டும், ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகவும் வேண்டும். தோற்ற புலவரைச் சிவப்பிரகாசர் கொண்டுபோய் ஆசிரியர் முன்னால் நிறுத்தினார்.

என்னைக் கட்டிப்போடுவது அந்த வெற்றி இல்லை. பாட்டு முருகன்மேல், முருகன் என்றே சொல்ல முடியாது! குமரன் ஆகாது, சரவணன் ஆகாது, வேலவன் ஆகாது. வேலும் மயிலும் சேவலும் போயிற்று. வள்ளியும் தெய்வானையும் போனார்கள். மிஞ்சுவது கந்தன், சேய், கார்த்திகேயன். நல்லவேளையாக ஊர் செந்தில். நாவில் தானாக வந்து நிற்கும் பெயரை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டு, அதே கடவுளிடம் வேறு வழியாகப் போய்ச் சேரவேண்டும். பக்திக்கு இது ஊறு செய்யும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும். வழக்கமான பெயர்கள் எல்லாம் பறிபோன பிறகுதான் யாரை அழைக்கிறோம் என்பதையே நின்று யோசிக்கிறோம்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். பிளேட்டை விட்டுவிட்டு ஊர்ப் பெயருக்குத் தாவிவிட்டாள். சென்ட்ரல் தேறுகிறது: செ, ன், ட், ர, ல், எங்கும் உதடு படவில்லை. அங்கே மின்சார ரயில் ஏறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் என்று அரக்கோணம் வரை ஒரு நிலையமும் தேறவில்லை. அண்ணனூர் கடைசி 'னூ'வில் விழுந்தது. சென்னை தேறுகிறது, காஞ்சி தேறுகிறது, நடுவில் பூந்தமல்லி முதலெழுத்திலேயே போயிற்று.

யோசித்தால் காரணம் தெரிகிறது. மனிதர் குடியேறிய இடத்துக்கு நாம் வைத்த பெயர்கள் ஊர், பாக்கம், பேட்டை, புரம், குப்பம், சாவடி, மங்கலம். எல்லாமே உதட்டில் பிறப்பவை. பாக்கம் என்றால் உதட்டை ஒட்டித் திறந்து, மறுபடி ஒட்டி மூடவேண்டும். ஆனால் ஏரி தேறுகிறது. தாங்கல் தேறுகிறது. அம்பத்தூரும் கொரட்டூரும் அயப்பாக்கமும் தோற்ற இடத்தில் அவற்றின் ஏரி தப்பித்துவிடுகிறது. இந்தப் பக்கத்து ஏரிகளுக்காக ஏங்குகிற எனக்கு அது ஏனோ பிடித்திருந்தது.

இப்போது எங்களுக்குள் வழக்கு சேக்காட்டைப் பற்றி. ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சே, க், கா வரை பழுதில்லை. கடைசி 'டு'வில் உகரம் இருக்கிறதே என்று அவள் தள்ளிவிட்டாள். அது குற்றியலுகரம், சொல்லும்போது உதடு குவிவதே இல்லை, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார் என்கிறேன் நான். எழுத்தை எண்ணுவதா, உதட்டைப் பார்ப்பதா என்று அவள் கேட்கிறாள். உதட்டைத்தான். சேக்காட்டை நான் சேர்த்துக்கொண்டுவிட்டேன்.