யானை ஏறாத கோயிலும் சேவல் பெயர் எடையும்... நன்னிலத்தில் ஒரு ரவுண்டு!

மயிலாடுதுறையில் திருவாரூர் ரயிலைப் பிடித்தால் பேரளம், பூந்தோட்டம் தாண்டியதும் நன்னிலம். தை மாதம் என்பதால் ஜன்னலின் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. அறுத்த வயலில் வைக்கோல், ரோட்டோரம் காயும் நெல். சித்தி வீட்டில் நல்ல சாப்பாடு காத்திருக்கும் என்ற நினைப்பிலேயே இறங்கினேன்.

சாப்பாடு இருந்தது. ஆனால், பத்தாவது படிக்கும் தங்கச்சி தட்டைத் தொடவில்லை.

``ரெண்டு நாளா அரை டம்ளர் கஞ்சிதான். தண்ணியக்கூட அளந்து குடிக்கிறா'' என்றார் சித்தி.

அவள் குத்துச்சண்டை பழகுகிறாள். அடுத்த வாரம் போட்டி. 52 கிலோ பிரிவில் நிற்க ஆசை. எடை மெஷின் காட்டியதோ 53.4.

``54 கிலோவுல நில்லேன்டி?''

``அங்க எல்லாம் பெரிய பொண்ணுங்கக்கா. அது பேரும் நல்லால்ல. பாண்டமாம். சட்டி, பானை மாதிரி!''

சிரித்துவிட்டேன். சாயங்காலம் அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சிலந்தி Vs யானை

நன்னிலம் மதுவனேஸ்வரர் கோயில், சுந்தரர் பாடிய தலம். விருத்திராசுரனுக்குப் பயந்த தேவர்கள் தேனீக்களாக மாறி இங்கே தங்கினார்களாம். அதனால்தான் மதுவனம். கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோயில் இது. சுவாமியைப் பார்க்கப் படியேறித்தான் போக வேண்டும்.

ஏன் படி? அதற்கும் ஒரு கதை உண்டு. முற்பிறவியில் அவர் திருவானைக்காவில் ஒரு சிலந்தி. லிங்கத்தின் மேல் சருகு விழாமல் அது வலை பின்னும். யானை வந்து பிய்த்துப் போடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சிலந்தி யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையைத் தரையில் அடித்தது. இரண்டும் செத்தன. மறுபிறவியில் அரசனான சிலந்தி, யானை ஏற முடியாதபடி கோயில்களைக் கட்டியது.

``எடைப் பிரிவு இல்லாம சண்டை போட்டா இதுதான் நடக்கும்'' என்றேன். முதல் முறையாகச் சிரித்தாள்.

பெயர்கள் வந்த கதை

படியில் உட்கார்ந்து போனில் தேடியதையும் ஏற்கெனவே படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். 1909-ல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை வரையறுத்தது. அதில் குறைந்தது ஃப்ளை, அதாவது ஈ. எட்டு ஸ்டோன் வரை. நம் கணக்கில் 50.8 கிலோ.

அடுத்தது பாண்டம். இது பானையும் இல்லை, சட்டியும் இல்லை. ஜாவா தீவில் இருக்கும் ஒரு துறைமுகத்தின் பெயர். அங்கிருந்து போன குட்டிக் கோழிகளுக்கு ஐரோப்பியர்கள் அந்த ஊர் பெயரையே வைத்தார்கள். நம்ம ஊர் சிறுவிடைக் கோழி மாதிரி உருவத்தில் சின்னது, சண்டை என்றால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் குத்துச்சண்டைக்கும் அந்தப் பெயர் வந்தது. இன்னொன்று தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய புதிதில், அந்தக் கோட்டையே பாண்டம் தலைமையகத்துக்குக் கீழேதான் இருந்தது!

ஃபெதர் என்றால் இறகு. வெல்டர் என்றதும் வெல்டிங் பட்டறை ஞாபகம் வரும்; அது குதிரைப் பந்தயத்தில் கனமான ஆள் ஓட்டுவதைக் குறித்த சொல். பின்னால் வந்த குரூஸர் என்பது போர்க்கப்பல். ஆண்கள் தொழில்முறைப் போட்டியில் எல்லாவற்றையும்விடக் குறைந்த, 47.6 கிலோ பிரிவுக்கு ஒரு பெயர் ஸ்ட்ரா. அதாவது, வைக்கோல். டெல்டாக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்!

``நம்ம சென்னை தேவராஜன், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல இறங்கினது பாண்டம் பிரிவுலதான்'' என்றேன். அவள் கண்ணில் லேசாக வெளிச்சம்.

100 கிராம்

வீடு திரும்பியும் தட்டைத் தொடத் தயங்கினாள். அப்போதுதான் வினேஷ் போகத் பற்றிப் பேச்சு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக், மல்யுத்தம் 50 கிலோ பிரிவு. இறுதிப்போட்டி அன்று காலை 100 கிராம் கூடுதல். ராத்திரி முழுக்க முயன்றும் குறையவில்லை. பதக்கம் போனது. பயிற்சியாளர், டாக்டர் எல்லாம் சுற்றி இருந்த உலக வீராங்கனைக்கே அந்த நிலை. வளரும் வயதுப் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் எடை குறைத்தால் மயக்கம், தசைப்பிடிப்பில் ஆரம்பித்து சிறுநீரகம் வரை பாதிக்கும். அந்த உடம்போடு தலையில் குத்து வேறு வாங்க வேண்டும்.

அதுவரை பேசாமல் இருந்த சித்தப்பா, கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோய் வந்த களைப்போடு சொன்னார். ``ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டான். திரும்பக் காயப் போட்டு எடுத்துட்டுப் போவேன். நெல்லுன்னா காயப் போடலாம். உன்ன எப்படிம்மா காயப் போடுறது?''

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு சித்தியிடம் தட்டை நீட்டினாள்.

எடைப் பிரிவு வந்ததே சின்னவர்கள் யானையோடு மோதக் கூடாது என்பதற்காகத்தான். இருக்கிற உடம்பைப் பட்டினி போட்டு இன்னும் சின்னதாக்குவதற்காக இல்லை. வீட்டில் விளையாட்டுப் பிள்ளை இருந்தால், இன்று என்ன சாப்பிட்டது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் ரயில் ஏறும்போது தங்கச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் மெசேஜ்: ``அக்கா, 54-க்குப் பேர் குடுத்துட்டேன்.'' கூடவே ஒரு சேவல் எமோஜி!